வியாழக்கிழமைச் சட்டை

“கலர் வேண்டாங்க, பேரச் சொல்லுங்க” என்று மருந்துக்கடை இளைஞர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். கவுன்டருக்கு இந்தப் பக்கம் நிற்கும் அம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. “அதான் சொன்னேனே தம்பி, சின்னதா, உருண்டையா, ரோஸ் கலர்ல இருக்கும். போன மாசம் நீதான குடுத்த.” “குடுத்தேம்மா. சீட்டு இருக்கா? இல்ல பழைய அட்டை?” அம்மாள் பையைக் கவிழ்த்துத் தேடி, கசங்கிய காலி அட்டை ஒன்றை எடுத்து நீட்டும்வரை அவர் அலமாரிப் பக்கம் திரும்புவதே இல்லை.

எங்கள் தெருவில் இவருக்கு ‘பேரச்சொல்லு’ என்றே பெயர். வயது இருபத்தொன்பது, மருந்துக்கடையில் ஆறு வருடமாக உதவியாளர். அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒருமுறை, கத்தரிக்கோலால் அட்டையை வெட்டும்போது ஒருமுறை, காகித உறையில் போடும்போது இன்னொருமுறை என்று மருந்தின் பெயரை உதடு அசைய வாசிப்பார். வரிசையில் நிற்பவர்கள் பல்லைக் கடிப்பார்கள். நானும் கடித்திருக்கிறேன். இரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போய், நின்ற நேரத்தில் அழுத்தம் ஏறியதுதான் மிச்சம்.

பழக்கடையிலும் இதே கதைதான். எதையும் கண்ணால் பார்த்து எடுக்க மாட்டார். ஒவ்வொன்றாக அமுக்கி, முகர்ந்து, காதருகே தட்டிக்கூடப் பார்ப்பார். “பழம் வாங்க வந்தீங்களா, வைத்தியம் பாக்க வந்தீங்களா?” என்று கடைக்காரர் ஒருநாள் கேட்டேவிட்டார்.

காரணம் எனக்கு மொட்டைமாடியில்தான் தெரிந்தது. அவரும் அவருடைய அக்காவும் கீழ்வீட்டில், நான் மாடியில். காற்றில் கொடியிலிருந்து விழுந்த அவருடைய சட்டைகளை எடுத்து உதறினேன். ஒவ்வொன்றின் உள்மடிப்பிலும் கறுப்பு நூலால் ஓர் எழுத்து தைத்திருந்தது: நீ, ப, சா. “லாண்டரி அடையாளமா?” என்று அக்காவிடம் விளையாட்டாகக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, அவர் முகம் சட்டென்று சுருங்கிவிட்டது. “நீலம், பச்சை, சாம்பல் சார். அவனுக்குக் கலர் சரியாத் தெரியாது. வெளியில சொல்லிடாதீங்க.”

பச்சையும் பழுப்பும் அவருக்கு ஒன்று. நீலமும் ஊதாவும் ஒன்று. வேலைக்குச் சேர்ந்தபோது கடையில் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ரகசியம் இப்போது ரகசியமாக இல்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

இந்த ஆளுக்கு ஒரே ஆசை, முறையாக பார்மசி படிக்க வேண்டும். இரண்டு வருடம் நுழைவுத் தேர்வு எழுதிக் கோட்டைவிட்டு, மூன்றாவது வருடம் நேர்முகத்துக்குக் கடிதம் வந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணி. அடுத்த வருடம் வயது வரம்பைத் தாண்டிவிடுவார் என்பதால் இதை விட்டால் வேறு கதி இல்லை.

கடிதம் வந்த நாளிலிருந்து பாடத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, எல்லாம் சட்டைப் பேச்சுதான். “டை கட்டிட்டுப் போ. டை கட்டினவனத்தான் உக்காரச் சொல்வாங்க” என்றார் கடை முதலாளி. என் பங்குக்கு என் பழைய கோட்டை எடுத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தார், உள்ளே இன்னொருவருக்கும் இடமிருந்தது. அக்காதான் கறாராகச் சொன்னார்: “வெள்ளச் சட்டை, கறுப்பு பேண்ட். யாரும் ஒரு கேள்வி கேக்க முடியாது.”

அவருக்கு வெள்ளை புதிதல்ல. பள்ளிக்கூட விழா, நண்பர்கள் கல்யாணம், எந்தப் புகைப்படத்தில் பார்த்தாலும் வெள்ளைச் சட்டையோடுதான் நிற்பார். நிறம் பொருந்துகிறதா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை அல்லவா.

புதன்கிழமை மாலை கோட்டைத் திரும்ப வாங்கலாம் என்று கீழே இறங்கினேன். வாசலிலேயே சண்டை காதில் விழுந்தது. திரும்பிப் போயிருக்க வேண்டும், போகவில்லை.

“கேக்காத கேள்விக்கு நீ ஏன்டா பதில் சொல்லணும்?”

“நாளைக்குத் தெரிஞ்சா?”

“எப்படித் தெரியும்? ஆறு வருஷத்துல எத்தன மாத்திரைய மாத்திக் குடுத்திருக்க?”

“ஒண்ணுகூட இல்ல.”

“அப்புறம் என்ன?”

“ஏன் ஒண்ணுகூட இல்லன்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாமா அக்கா?”

அக்கா பாத்திரத்தைக் கழுவுகிற சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது. அவருடைய பயம் எனக்கு நியாயமாகவே பட்டது. சொன்னால், “மருந்துக் கடைக்கு இந்தக் கண்ணா?” என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிடக்கூடும். மூன்று வருடப் படிப்பு பாழ். உண்மையைச் சொல்கிறேன், அந்த இடத்தில் நான் இருந்தால் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பேன். இப்படி நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. கோட்டை வாங்காமலே மேலே ஏறிவிட்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வாழ்த்துச் சொல்ல இறங்கினேன். தேய்த்த வெள்ளைச் சட்டை அக்காவின் கையிலேயே இருந்தது. தம்பி உடம்பில் புத்தம்புதுச் சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை. முந்தின நாள் சண்டைக்குப் பிறகு தனியாகக் கடைக்குப் போயிருக்கிறார். துணியைத் தடவிப் பார்த்து, அளவை மட்டும் சொல்லி, வேறெதுவும் கேட்காமல் வாங்கி வந்திருக்கிறார். வாழ்க்கையில் முதல் தடவையாக அக்கா துணைக்கு இல்லாமல் வாங்கிய சட்டை. அதன் நிறத்தை நான் எழுதப்போவதில்லை. அவருக்கே தெரியாததை உங்களுக்கு முதலில் சொல்வது நன்றாக இருக்காது.

அக்கா மேலும் கீழும் பார்த்தார். “டேய், இது என்ன கலர்னு தெரிஞ்சுதான்…” என்று ஆரம்பித்தார். தம்பி உள்ளங்கையால் மெல்ல அவர் வாயைப் பொத்தினார்.

“சொல்லாதக்கா. அங்க போய் அவங்களையே கேட்டுக்கறேன்.”

அக்கா வெள்ளைச் சட்டையை என் கையில் கொடுத்துவிட்டு, தம்பி போட மறந்திருந்த கைப்பட்டனைப் போட்டுவிட்டார்.