பச்சைக் கொடியின் மேல் உட்கார்ந்தவன்

ஒரே ஒரு வேலை, அதற்கு எங்கள் வீட்டில் இரண்டு பேர் போட்டி. ஒருவன் என் அண்ணன். இன்னொருவன், தைரியம் ஒன்றைத் தவிர மற்ற எல்லாத் தகுதியும் நிறைந்த நான்.

அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கோட்டர்ஸில் இருந்தோம். அப்பா பட்டறையில் தச்சர். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, யார்டில் சரக்குப் பெட்டிகளை இந்தப் பாதைக்கும் அந்தப் பாதைக்குமாகத் தள்ளிச் சேர்க்கும் எஞ்சினை ஓட்டினார். ஷெட்டில் எஞ்சின் துடைக்க ஒரு பையன் வேண்டும் என்று ஒருநாள் அவர்தான் வந்து சொன்னார். துடைக்கிறவன் பிறகு கரி அள்ளிப் போடுவான், கரி போடுகிறவன் ஒருநாள் எஞ்சினே ஓட்டுவான். அதாவது கையில் கந்தல் துணியோடு உள்ளே போனால், தலையில் தொப்பியோடு கிள்ளான் ரயிலை ஓட்டிக்கொண்டு வெளியே வந்துவிடலாம்! மாமா ஒரு பையனுக்குத்தான் சிபாரிசு சொல்ல முடியும். எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்காமலே இரண்டு தட்டுச் சாப்பிட்டேன்.

மாமா எங்கள் இருவரையும் கூடத்தில் நிற்க வைத்து விசாரித்தார்.

“உனக்கு என்னடா வரும்?”

“கரி மூட்டை தூக்குவேன் மாமா. எதுக்கும் பயப்பட மாட்டேன்” என்றான் அண்ணன்.

“உனக்கு என்ன வரும், மாப்ள?”

நான் தயாராக வந்திருந்தேன். யார்டில் உள்ள ஒவ்வொரு எஞ்சினும் எப்படி ஊதும் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஊதிக் காட்டினேன். பக்கத்து வீட்டு அக்கா, கரி விழப்போகிறது என்று கயிற்றில் காய்ந்த துணிகளை எடுக்க ஓடி வந்தார். வேலை எனக்குத்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

“சரி, எது வராது?”

அண்ணன் யோசித்துவிட்டு, அப்படி ஒன்றும் இல்லை என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா அடுப்படியிலிருந்து முந்திக்கொண்டார். “இவனுக்கா? கதவு தாப்பாள் போட்டாச்சான்னு திரும்பத் திரும்ப எந்திரிச்சுப் பாப்பான். விளக்கு அணைச்சாச்சான்னு தூங்குற மனுசனை எழுப்பிக் கேப்பான். சட்டைய உதறாம போட மாட்டான், உள்ள பூரான் இருக்குமாம்!”

மாமாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. “ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் யார்டுக்கு வாங்கடா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை யார்டில் வேலை குறைவு. ஓர் ஓரத்தில் காலிச் சரக்குப் பெட்டிகள் வரிசையாக நின்றன. அவற்றைப் பின்னால் தள்ளிப் பக்கத்துப் பாதையில் விட வேண்டும். எஞ்சினில் இருப்பவருக்குப் பெட்டிகளின் மறுபக்கம் தெரியாது. கீழே நிற்பவன் பச்சைக் கொடி காட்டினால் நகர்த்துவார், சிவப்பு காட்டினால் நிறுத்துவார். அவ்வளவுதான் பரீட்சை.

முதலில் அண்ணன். கொடியை வாங்கினான், இடம் பார்த்தான், வலம் பார்த்தான், பச்சையை வீசினான். எஞ்சின் புஸ்ஸென்று மூச்சு விட்டது, பெட்டிகள் தடதடவென்று ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கிளம்பின. ராஜா மாதிரி நின்றான். பாதை மாற்றும் மலாய்க்கார அண்ணன் கைதட்டினார். மாமா பெட்டிகளைப் பழைய இடத்துக்கே இழுத்து வந்து நிறுத்தினார்.

அடுத்து நான். கொடிகள் கைக்கு வந்ததும் உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. பச்சையைத் தூக்கப் போனேன். அந்த நேரம் பார்த்து என் புத்தி கேட்டது: பெட்டிக்கு அடியில் யாராவது இருந்தால்?

குனிந்து பார்த்தேன். யாரும் இல்லை. அடுத்த பெட்டி, அதற்கடுத்தது, கடைசிவரை போய்ப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. திரும்பி வந்து கொடியைத் தூக்கினேன். நான் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கமாக யாராவது நுழைந்திருந்தால்? சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினேன். அங்கே குனிந்தபோது இந்தப் பக்கத்தைக் கவனிக்க ஆளில்லையே என்று பட்டது. மறுபடி இங்கே ஓடி வந்தேன். இப்படியே போனால் எனக்கு மீசை முளைக்கும்வரை அந்த ரயில் நகராது என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் ஓடினேன்!

“டேய், தேர் சுத்துறியா?” என்று அண்ணன் கத்தினான். மாமா எஞ்சினை ஊதினார். “செப்பாட் லா, அடேக்!” என்று மலாய்க்கார அண்ணனும் அவசரப்படுத்தினார்.

அந்தச் சமயம் பார்த்து யார்டுக்குப் பொறுப்பான வெள்ளைக்கார துரை வந்து சேர்ந்தார். எஞ்சின் சும்மா நின்று புகை விடுவதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகம் தக்காளி ஆனது. “ஜாலான்!” என்று இரைந்தார். ‘நகர்த்து’ என்று அர்த்தம்.

அப்பாவே துரையைக் கண்டால் தொப்பியைக் கழற்றுவார். நான் எம்மாத்திரம்! கண்ணீர் ஒரு பக்கம், மூக்கு ஒரு பக்கம், கால்சட்டையின் நிலவரத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் கடைசிப் பெட்டியின் அந்தப் பக்கத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. “பெலும், துவான்” என்று யாரோ அழுதுகொண்டே சொன்னது கேட்டது. ‘இன்னும் இல்லை, துரை’ என்று. அந்த யாரோ நான்தான்.

துரை கொடியைப் பிடுங்க வந்தார். நான் பச்சைக் கொடியைக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். சிவப்பை மட்டும் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு “பெலும்! பெலும்!” என்று ஊரைக் கூட்டினேன். துரை திகைத்து நின்ற இடைவெளியில் பச்சையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிப்போய்க் கடைசிப் பெட்டியைக் குனிந்து பார்த்தேன்.

ஒரு துருப்பிடித்த தகரக் குவளை கிடந்தது. வேறு ஒன்றுமே இல்லை.

பச்சை காட்டினேன். பெட்டிகள் நகர்ந்தன. யார்டே சிரித்தது. துரை மாமாவைக் கூப்பிட்டு, பிள்ளைகளை வைத்து விளையாடுகிறாயா என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். மாமா கரி அப்பிய முகத்தோடு தலையை ஆட்டிக்கொண்டே நின்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் தீர்ப்பு. நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

“பெரியவன ஷெட்டுக்கு அனுப்பிடுங்க மச்சான். நல்லா ஓட்டுவான்” என்றார் மாமா.

அண்ணன் குதித்த குதியில் பலகைத் தரை அதிர்ந்தது.

“சின்னவன்?” என்றார் அப்பா.

“இவன இன்னும் படிக்க வைங்க. வண்டிக்குக் கொடி காட்டுற கார்டு வேலைக்கு இங்கிலீசு வேணும்.” மாமா அம்மாவின் முதுகுக்குப் பின்னால் என்னை எட்டிப் பார்த்தார். பிறகு, “பெரியவன் ஓட்டுற வண்டில நானும் ஏறுவேன் மச்சான், அக்காவையும் ஏத்துவேன். ஆனா கொடி இவன் கையில இருக்கணும்” என்றார்.

அப்பா கையை நீட்டி என்னை முதுகுக்குப் பின்னாலிருந்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அடிக்கத்தான் இழுக்கிறார் என்று நினைத்து நான் முன்கூட்டியே அலற ஆரம்பித்தேன். அடி விழவில்லை என்று தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை. அண்ணனுக்கு எஞ்சின், எனக்குக் குச்சியில் கட்டிய துணி. மாமா சொன்னதில் அன்று என் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்: நாளைக்கும் பள்ளிக்கூடம் போக வேண்டும்.