நீலப் படிகள்

நான் கலியாணம் முடித்து வந்தபோது குருநகர் வீட்டு மாடிப்படியில் சிவப்புக் காப்பெற் கம்பளம் விரித்திருந்தது. என் கணவரின் தாயான மாமியின் தம்பி, கப்பலில் வேலை செய்தவர், கொண்டுவந்து கொடுத்தது. அந்த வட்டாரத்தில் படிக்குக் காப்பெற் போட்ட வீடு எங்களுடையதுதான் என்று மாமிக்குப் பெருமை. ஒரு மாரியில் கூரை ஒழுகி அது நன்றாக ஊறிவிட்டது. காயவைத்த பிறகும் நாற்றம் போகவில்லை. கருவாட்டுக்கே மூக்கைச் சுளிக்காத மாமி படியருகில் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். கடைசியில் என் கணவர் அதை ஆணியோடு பிடுங்கி முற்றத்தில் எறிந்தார்.

அதன் கீழே பாலைமரப் படிகள். இவ்வளவு வடிவான மரத்தையா மூடிவைத்திருந்தோம் என்று மாமி தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்து, முகம் பார்க்கும்படி ஆக்கிவிட்டார்.

மறுநாள் காலை நான் உடுப்புக் கூடையோடு மேலிருந்து இறங்கினேன். இறங்கினேன் என்பதைவிட வழுக்கி, குந்தியிருந்தபடியே கீழே வந்து சேர்ந்தேன் என்பது பொருத்தம்.

"நடக்கத் தெரிஞ்சாக்களுக்கு வழுக்காது, பிள்ளை," என்றார் மாமி.

அன்று பின்னேரம் அவரும் அதே வழியில், அதே வேகத்தில் வந்து சேர்ந்தார். நான் அவசரமாக அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். சற்று நேரத்தில் மகனைக் கூப்பிட்டுச் சொல்வது கேட்டது.

"தம்பி, உந்தப் படிக்கு ஏதேன் செய். பிள்ளை விழுந்துபோவாள்."

சாம்பல் போட்டுக் கழுவிப் பார்த்தோம். எண்ணெய் குடித்த மரத்தின் வழுக்கல் போகவில்லை. வள்ளத்தில் கால் வழுக்காமலிருக்க ஈரப் பெயின்றின்மேல் மணல் தூவுவார்கள் என்று கணவர் கடற்கரையில் கேட்டறிந்து வந்தார். சாமான் கிடைக்காத அந்தக் காலத்தில் யாரோ மிச்சம் வைத்திருந்த அரை ரின் வள்ளப் பெயின்றும் கிடைத்தது. கடும் நீலம். மாமியின் மா அரிதட்டிலேயே மணலை அரித்தார். மாமி அன்று முழுக்க அவரோடு கதைக்கவில்லை. ஏறி இறங்க வழி வேண்டுமே என்று ஒன்றுவிட்டு ஒரு படிக்குத்தான் பூசினார்.

பெயின்ற் காயுமுன் செபம் சொல்லி வீடு மந்திரிக்கப் பங்குச் சுவாமியார் வந்துவிட்டார். மேல்வீட்டையும் மந்திரிக்க வேண்டுமென்று மாமி பிடிவாதமாக நின்றார். நீலத்தில் மிதிக்க வேண்டாம் என்று கணவர் பணிவாகச் சொன்னார். சுவாமியார் வெள்ளை அங்கியைத் தூக்கிப்பிடித்து, நீலத்தைத் தாண்டித் தாண்டி, எண்ணெய்ப் படிகளில் கால் வைத்து ஏறினார். பாதி வழியில் கால் வழுக்கியது. தொப்பென்று ஒரு நீலப் படியில் இருந்துவிட்டார்.

சுவாமியார் எழும்பப் பார்த்தார், அங்கி விடவில்லை.

"நீலப் படி நல்லாப் பிடிக்குது," என்றார் அமைதியாக. "மற்றதுக்கும் இதையே பூசுங்கோ."

மாமி மண்ணெண்ணெயும் துணியுமாக ஓடினார். அங்கியின் பின்பக்கம் நீலமும் மணலும் போகவேயில்லை. சுவாமியார் போன கையோடு கணவர் மிச்சப் படிகளுக்கும் பூசினார். அதன்பிறகு யாரும் விழவில்லை. ஆனால் மணல் சொரசொரப்பு என் சேலைக் கரைகளை ஒவ்வொன்றாகத் தின்றது. மாமிக்கு மட்டும் வாய்ப்பாகப் போய்விட்டது. பின்னேரங்களில் மூன்றாம் படியில் குந்தியிருந்து, கீழ்ப்படியில் குதிக்கால் வெடிப்பைத் தேய்ப்பார். விசயம் பரவி, பக்கத்து வீட்டுப் பெண்களும் காலைக் கழுவிக்கொண்டு வரத் தொடங்கினார்கள்.