அஞ்சாம் நம்பர் மலையில் ஒரே படங்குக்குள் மூன்று பேர்

இலங்கையில், ஹட்டனுக்குப் போகும் ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தது. பெட்டி இருட்டாகி எல்லாரும் ஓவென்று கத்திக்கொண்டிருந்த நேரம் பார்த்து என் நண்பன் அந்த விஷயத்தைக் காதில் சொன்னான். சின்ன வயதில் கோயில் திருவிழாவில் அவனை ஒரு தேனீ கொட்டியதாம். ஒன்றே ஒன்று. முகம் வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சுக்குத் தவித்தவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம். இன்னொரு தடவை கொட்டினால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"சார்கிட்டச் சொன்னியாடா?"

"சொன்னா என்னைய திண்டுக்கல்லயே விட்டுட்டு வந்திருப்பாரு. நீயும் வாயத் தொறக்காத."

தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்கு நன்றாக வரும். வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் வராது.

நாங்கள் பாலிடெக்னிக் மாணவர்கள். தேயிலை எப்படிப் பயிராகிறது, எப்படித் தூளாகிறது என்று பார்க்க வந்த படிப்புச் சுற்றுலா. பத்தாவதையே இரண்டு தடவை எழுதிப் பாஸான என்னை விமானத்தில் ஏற்றியதில் எங்கள் தெருவுக்கே ஆச்சரியம். எனக்கோ வந்து இறங்கியதும் ஏமாற்றம். வெளிநாடு என்று வந்தால் அக்கரப்பத்தனை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், "எந்த ஊருங்க? எங்க தாத்தா திருச்சிப் பக்கம்தான்" என்கிறார். தோட்டத்துக் கோயில் ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு. கடையில் தோசை. பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கலாமா என்று சாரிடமே கேட்டேன். அவர் முறைத்தார். குளிர் மட்டும்தான் வெளிநாட்டுக் குளிர். பல் தந்தியடித்ததில் என் கிண்டல் பாதி வாயிலேயே நொறுங்கியது.

மறுநாள் காலை எங்களை அஞ்சாம் நம்பர் மலைக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே ஒவ்வொரு தேயிலைச் சரிவுக்கும் ஒரு நம்பர், ஒவ்வொன்றும் ஒரு மலை. சீப்பால் வாரியதுபோலச் செடி வரிசைகள். கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் தடிப்பான ரப்பர் சீட்டு ஒன்றைச் சுற்றியிருந்தார்கள். ஈரமும் குச்சியும் படாமலிருக்க. அதற்குப் பெயர் படங்கு.

வேலையை மேற்பார்க்கும் கங்காணி கையை உயர்த்திக் காட்டினார். மலையின் மேல் விளிம்பில் ஒரு மரம். கிளையில் கறுப்பாக, பானை அளவுக்கு ஒரு கூடு.

"குளவிங்க. அந்தப் பக்கம் யாரும் போகாதீங்க. சத்தமும் வேணாம்."

எங்கள் கூட்டத்தில் சிரிப்பு. "எங்க ஊர்ல வீட்டுக்குள்ள குளவி கூடு கட்டுனா அந்த வீட்டுல புள்ள பொறக்கும்னு சொல்லுவாங்கக்கா" என்றேன், எனக்கு முன்னால் பறித்துக்கொண்டிருந்த அக்காவிடம்.

அவர் திரும்பாமலே சொன்னார்: "ஒங்க ஊரு குளவி புள்ளையக் குடுக்கும். எங்க ஊரு குளவி இருக்கிற புள்ளையவும் எடுத்துக்கும். பக்கத்துத் தோட்டத்துல போன மாசம் ஒரு அம்மா போயிட்டாங்க."

சிரிப்பு நின்றது. நண்பனின் கை அவன் தொண்டைக்குப் போனதைப் பார்த்தேன். அவனுடைய அலர்ஜி மாத்திரை இருந்த பை கீழே ரோட்டில் வேனுக்குள் கிடந்தது. எல்லாரும் இப்படி உம்மென்று நின்றால் எனக்கு நாக்கு அரிக்கும். அரித்தது.

"அப்ப இவன பத்திரமா பாத்துக்கங்கக்கா. ஒரு தேனீ கொட்டுனதுக்கே பூசணிக்கா மாதிரி வீங்கி, மூச்சு நின்னு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுன பய."

பசங்கள் ஹேவென்று சிரித்தார்கள். சார் கங்காணியோடு பேசிக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை. அக்கா சிரிக்கவில்லை. பறித்த கொழுந்தைக் கூடையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தார்.

"நெசமாவா தம்பி?"

"இல்லக்கா. இவன் எப்பவுமே சும்மா உருட்டுவான்."

"எம்பக்கத்துலயே நில்லுங்க" என்றார் அவர், நம்பாத குரலில்.

அவன் நிற்கவில்லை. என் காதருகே வந்து, "இனிமே எங்கூடப் பேசாத" என்று சொல்லிவிட்டு, செடிகளுக்கு நடுவே தனியாக மேலே ஏறினான். கோபத்தில் போகிறவன் எந்தப் பக்கம் போகிறோம் என்று பார்ப்பதில்லை. மூடுபனி வேறு இறங்கிக்கொண்டிருந்தது. மரத்தின் கிளை தெரிவதும் மறைவதுமாக இருந்தது. அவன் நீலச் சட்டை அதை நோக்கி நகர்ந்தது.

"டேய், அங்கிட்டுப் போகாதடா." சத்தம் போடக் கூடாது என்பதால் கிசுகிசுப்பாகக் கூப்பிட்டேன். கேட்டிருக்கும். அவன் திரும்பவில்லை. பின்னாலேயே ஏறினேன். செருப்பு வழுக்கியது. எனக்குப் பின்னால் குச்சிகள் முறியும் சத்தம். அக்காவும் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஏறிக்கொண்டிருந்தார்.

பனிக்குள்ளிருந்து ஒரு பருந்து சரிந்து வந்து கூட்டில் மோதியது. மோதியதைப் பார்த்தேன். குளவிகளின் இரைச்சல் கொஞ்சம் தாமதமாக வந்தது, தூரத்தில் யாரோ மோட்டார் போட்டதுபோல.

"படு! படு!" என்று கீழே ஒரு குரல். அவ்வளவு பெண்களும் ஒரே நொடியில் காணாமல் போனார்கள். செடிகளுக்கடியில் படுத்து, படங்கை அவிழ்த்துத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார்கள். எங்கள் பசங்கள் மட்டும் ரோட்டைப் பார்த்து ஓடினார்கள். மேலேயிருந்த நண்பனும் கையை வீசிக்கொண்டு ஓடிவந்தான். அக்கா என்னைத் தாண்டிப் போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்த இழுப்பில், அவன் என் மேல் விழுந்தான். மூவரும் ஒரு செடிக்கடியில். மேலே படங்கு.

உள்ளே இருட்டு. ரப்பர் வாடை, மண் வாடை. படங்கின் மேல் பெருந்தூறல் போட்டதுபோலக் குளவிகள் டப் டப்பென்று விழுந்தன. நண்பன் உதறினான். எழுந்து ஓடப் பார்த்தான்.

"அசையாதீங்க தம்பி, அசஞ்சா அவ்வளவுதான்" என்றார் அக்கா. அவன் காதில் விழவில்லை. அவர் என்னைப் பார்த்தார். "நீங்க பேசுங்க. வாய்தான் இருக்கே. மெல்லமா பேசுங்க."

பேசாதே என்று சொன்னவனிடம் பேசினேன். அவன் முதுகை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, காதில் வாயை வைத்து, வந்ததையெல்லாம். விமானத்தில் கொடுத்த பன்னை அம்மாவுக்கு என்று அவன் பைக்குள் ஒளித்து வைத்தது. ஹட்டன் ஸ்டேஷனில் ஒரு வெள்ளைக்காரியிடம் அவன் சாயங்காலம் நாலு மணிக்குக் குட்மார்னிங் சொன்னது. "செத்தா அந்தப் பன்ன நான் தின்னுருவேன்டா, அசையாத, அசையாத." என் குரல் எனக்கே யாருடையதோபோல இருந்தது. அவன் மண்ணைப் பிறாண்டினான். ஆனால் எழவில்லை.

படங்கின் ஓரத்தை அக்கா வெளியே கை நீட்டி மண்ணோடு அமுக்கியிருந்தார். சந்து வழியே அந்தக் கை தெரிந்தது. அதன் மேல் குளவிகள் ஊர்ந்தன. கையை உள்ளே இழுத்தால் ஓரம் தூக்கிக்கொள்ளும். அவர் இழுக்கவில்லை. தலைத்துணியைக் கடித்துக்கொண்டு மூக்கால் முனகினார்.

அப்படியும் ஒன்று உள்ளே வந்துவிட்டது. அவன் காதுக்குப் பின்னால் கொட்டியது. "அம்மா" என்றான், அவ்வளவுதான்.

இரைச்சல் தேய்ந்தபின் கங்காணி சாக்கைக் கொளுத்திப் புகை போட்டுக்கொண்டு வந்தார். கொழுந்து ஏற்றும் லாரியில் எங்கள் மூவரையும் ஏற்றினார்கள். சாரும் மற்ற பசங்களும் பின்னால் வேனில். டவுன் ஆஸ்பத்திரி வரைக்கும் வளைவு மேல் வளைவு. அவன் உதடு வீங்கியது. கண் மூடிக்கொண்டது. மூச்சு விசில் அடித்தது. நான் பேசிக்கொண்டே இருந்தேன். விசில் நிற்கும் ஒவ்வொரு தடவையும் என் பேச்சும் நின்றது.

டாக்டருக்குச் சிங்களமும் இங்கிலீஷும்தான். அக்காவின் கை வீங்கியிருந்ததைப் பார்த்து முதலில் அவரைத்தான் உட்காரச் சொன்னார். நான் நண்பனைக் காட்டி, "சார், ஹி... ஒன் பீ..." என்றேன். அதற்கு மேல் என் இங்கிலீஷ் வரவில்லை. இதில்தான் எனக்கு அரியரே. அக்கா உட்காராமல் சிங்களத்தில் படபடவென்று சொன்னார். தொண்டையைத் தொட்டுக் காட்டினார். சின்னப் பிள்ளையின் உயரம் காட்டினார். நான் கிண்டலாகச் சொன்னது அத்தனையும் ஒன்று விடாமல் போய்ச் சேர்வது அந்தக் கையிலேயே தெரிந்தது. டாக்டர் ஓடினார். ஊசி, ஆக்ஸிஜன், திரை. திரையை இழுத்து மூடிவிட்டார்கள்.

வெளியே பெஞ்சில் நானும் அக்காவும். அவர் கை பந்துபோல ஆகிவிட்டிருந்தது. அதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னா தம்பி, ஒங்க வாயிலயும் கொட்டிருச்சா?" என்றார்.

என் கைக்குட்டையைக் குழாயில் நனைத்து வந்து அவரிடம் நீட்டினேன்.

ரொம்ப நேரம் கழித்துத் திரையை விலக்கினார்கள். விசில் இல்லை. முகம் நிஜமாகவே பூசணிக்காய். சார் கட்டிலருகே நின்று, பயம் போன கோபத்தில் கேட்டார்: "ஏன்டா, இப்படி ஒண்ணு இருக்குன்னு முன்னாடியே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

நண்பன் ஒரு கண்ணை மட்டும் கோடுபோலத் திறந்தான். என்னைத் தேடிக் கண்டுபிடித்தான்.

"சொன்னேனே சார்" என்றான், தடித்த உதட்டோடு. "இவன்கிட்டச் சொன்னேன். இவன்கிட்டச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரிதானே."

சார் என் பக்கம் திரும்பினார். பின்னால் அக்கா சிரிக்க ஆரம்பித்து, உடனே கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, சிரிக்க வைக்காதீங்க தம்பி. வலி உயிர் போகுது."