கை தூக்கினால் நிற்கும் தெரு

என் தம்பி தகர வேலை செய்பவன். வாளி, புனல், கூரைத் தண்ணீர் வடியும் குழாய் என்று எங்கள் தெருவில் அவன் கைபடாத வீடு இல்லை. "உங்க தம்பி அடிக்கிற அடியில, டீ கேட்டவனுக்கு நான் காபி போட்டுக் குடுக்கிறேன்" என்று டீக்கடைக்காரர் என்னிடம் குறைப்படுவார். பூமி ஆடியதிலிருந்து அவன் சுத்தியலைத் தொடவில்லை.

அன்று அவன் தகடு வாங்கப் போயிருந்தான். கடைக்கு மேலேதான் வீடு. அவன் மனைவி மட்டும் உள்ளே இருந்தாள். திரும்பி வந்தபோது கடையும் வீடும் ஒரே குவியல். மீட்க வந்தவர்கள் எங்களுக்கு ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்தார்கள். உள்ளேயிருந்து சத்தம் கேட்பதாகத் தோன்றினால் கையைத் தூக்க வேண்டும். பார்த்தவர்களும் தூக்க வேண்டும். இடிபாட்டை அள்ளும் இயந்திரம், பேச்சு எல்லாம் நிற்கும்.

குவியலின் மேல் காதை வைத்துக் கிடந்த தம்பி, தட்டும் சத்தம் கேட்டுக் கை தூக்கினான். புழுதியில் இயந்திரக்காரர் கண்ணில் அது படவில்லை. அவர் பார்த்து நிறுத்தியபோது உள்ளே சத்தம் ஓய்ந்திருந்தது. பிறகு அவளை எடுத்தார்கள். கையில் ஒரு டம்ளர். அதன் விளிம்பு நசுங்கியிருந்தது.

கடவுள் அவளைத் தம்மிடம் சேர்த்துக்கொண்டார் என்று அவனிடம் சொல்வேன். நம்பித்தான் சொல்வேன். அவன் கேட்டுக்கொள்வான், அவ்வளவுதான்.

வீடிழந்து தற்காலிகக் கொட்டகைகளில் இருந்த எங்களுக்கு விளக்கிச் சொல்ல ஓர் இன்ஜினியர் அம்மா வந்தார். "பூமி ஆளைக் கொல்றதில்லைங்க. மூலையில பிடிப்பு இல்லாத சுவர்தான் கொல்லுது. இனிமே கம்பி கட்டித்தான் எழுப்பணும். அப்பப்ப வர்ற சின்ன ஆட்டத்துக்கும் பயப்படாதீங்க. அடியில நகர்ந்த பாறை சரியா உட்கார இடம் பார்க்குது."

"உட்கார்றப்ப தட்டுற மாதிரி சத்தம் வருமாம்மா?" என்று தம்பி கேட்டான்.

"சில நேரம் வரலாம். உங்களுக்கு எப்பக் கேக்குது?"

"எப்பவும்."



சில மாதங்களுக்குப் பிறகு இடிபாட்டை அகற்றி, அவன் வீடு இருந்த இடத்தில் எல்லோருக்குமாக ஒரு குடியிருப்பு கட்டப் பள்ளம் தோண்டினார்கள். தம்பி ஓரத்தில் வந்து நிற்பான். திடீரென்று கை தூக்குவான். உடனே தெருவே நின்றுவிடும். துணி துவைக்கிறவர்கள்கூடத் துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே இருப்பார்கள். யாரும் அவனை ஒரு சொல் சொன்னதில்லை. நான் வெட்கப்பட்டால், "விடுங்கக்கா, அவரு புண்ணியத்துலதான் எனக்கு இடுப்பை நிமித்த நேரம் கிடைக்குது" என்பார் கொத்தனார்.

ஆனால் அடித்தளத்துக்குக் கான்கிரீட் ஊற்றும் வேலை தள்ளிக்கொண்டே போனது. "ஊத்திட்டா அப்புறம் கேக்காதுக்கா" என்றான் தம்பி. அவன் சரி என்று சொல்லாமல் ஊற்றக் கொத்தனாருக்கு மனம் வரவில்லை. மழை நெருங்கிவிட்டது.

"கொட்டகையில கைக்குழந்தைங்க இருக்குதுடா" என்றேன்.

"ஊத்தட்டும். நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றான்.

கலவை லாரி வெளியூரிலிருந்து வந்தது. அதன் சரிவுக்குழாயைப் பள்ளத்துக்கு நேராக வைத்தபோது தம்பியின் கை உயர்ந்தது. கூடவே எங்கள் கைகளும்.

"என்னய்யா, எல்லாரும் யாருக்கு ஓட்டுப் போடுறீங்க?" என்றார் லாரிக்காரர். "கலவை இறுகிடும்யா."

"இன்ஜினை நிறுத்துங்கண்ணே. கேட்டுட்டுப் பேசிக்கலாம்" என்றார் டீக்கடைக்காரர்.

லாரிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே நிறுத்திவிட்டு இறங்கினார். எதுவும் அசையவில்லை. நான் உதட்டை அசைக்காமல் ஜெபித்தேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தம்பி கையை இறக்கினான். நாங்களும் இறக்கினோம்.

லாரிக்காரரின் கை மட்டும் மேலே இருந்தது. எப்போது தூக்கினாரோ தெரியாது.

"யாரோ... தட்டுற மாதிரி இருக்கு" என்றார். "அடியிலேர்ந்து."

எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள். அவன் பள்ளத்தில் இறங்கி, கம்பிகளுக்கு நடுவே மண்ணில் காதை வைத்துப் படுத்தான். எங்களுக்கு அது நெடுநேரமாகத் தோன்றியது. பிறகு மேலே ஏறி வந்து, லாரிக்காரரின் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினான்.

"வெயில்ல கம்பி விரியுற சத்தம்ண்ணே. வேற ஒண்ணுமில்ல. ஊத்துங்க."

"நெசமாவா?"

"எனக்குக் கேக்காததா உங்களுக்குக் கேட்டுடும்?"

லாரிக்காரர் சிரித்துவிட்டார். கலவை இறங்கியது. கம்பிகள் மறையும் வரை தம்பி அங்கேயே நின்றான்.

கொட்டகைக்குத் திரும்பும்போது, "ஒண்ணுமே கேக்கலையாடா?" என்றேன்.

"கேட்டுச்சுக்கா" என்றான். "அந்த ஆளு வீட்டுக்குப் போய்த் தூங்கணுமே."