காத்துப் படாத பள்ளம்

பாலைவனம் எண்டால் மணலும் காத்தும் எண்டுதான் நானும் நினைச்சனான். அங்கை தண்ணி வந்து ஆரைக் கொல்லப்போகுது? இப்ப அதை நினைச்சால் எனக்கே என்னை அறையவேணும் போலை கிடக்கு.

இவர், என்ரை மனுசன், ஓமானிலை ரோட்டுப் போடுற கொம்பனி ஒண்டிலை தண்ணி பௌசர் லொறி ஓடுறார். முதல் இருந்த காம்ப் வெட்டவெளி. மணல் முழங்காலுக்குக் கீழை ஊர்ந்து ஊர்ந்து வருமாம். பௌசரிலை கீழ்ப்பக்கத்துப் பெயின்ற் மட்டும் சுரண்டுப்பட்டுப் போச்சாம். சோத்திலையும் மணல். ஒவ்வொரு நாளும் இதுதான் முறைப்பாடு.

ஒருநாள் வீடியோ கோல் எடுத்தார், முகமெல்லாம் சிரிப்பு. காம்பை மாத்திப்போட்டாங்களாம். ரெண்டு பக்கமும் சுவர் மாதிரிப் பாறை, நடுவிலை அகலமான சமதரை. காத்தே இல்லை. போனைச் சுத்திச் சுத்திக் காட்டினார். அப்பாடா எண்டு இருந்துது எனக்கு.

மகள் ஏ.எல். சோதினைக்கு ஜியோகிரபி படிக்கிறாள். வெள்ளவத்தையிலை எங்கடை சின்னப் பிளாட்டிலை, சாப்பாட்டு மேசை முழுக்க அவளின்ரை டியூசன் தாளுகள்தான். எட்டிப் பாத்தவள், "அப்பா, கீழை கிடக்கிற கல்லைக் கிட்டக் காட்டுங்கோ" எண்டாள். காட்டினார். எல்லாம் உருண்டைக் கல். அவளின்ரை முகம் மாறிப்போச்சு.

"அப்பா, அந்த இடத்திலை—"

பறிச்சன் போனை. வெளிநாட்டிலை ஆள் இருக்கிற வீடுகளிலை ஒரு சட்டம் இருக்கு, ஆரும் எழுதி வைக்கேல்லை. கோலிலை கெட்ட கதை கதைக்கப்படாது. காய்ச்சலைச் சொல்லமாட்டம். செத்தவீட்டைக்கூட எட்டாம் நாள் எட்டுச்செலவுச் சடங்கு முடிஞ்சுதான் சொல்லுவம். "இவளுக்குச் சோதினைப் பயம், நீங்கள் நிம்மதியாப் படுங்கோ" எண்டு சிரிச்சுக்கொண்டு வைச்சிட்டன்.

"அம்மா, உங்களுக்கு விசரே?" எண்டு அவள் கத்தினாள். "காத்து கல்லை இப்பிடி உருட்டாது. அது தண்ணி உருட்டின கல். அப்பா இருக்கிறது ஆத்துக்குள்ளை. அங்கை மரமும் இல்லை, புல்லும் இல்லை, மழையை உறிஞ்ச ஒண்டும் இல்லை. எங்கையோ மலையிலை பெய்யிறது எல்லாம் ஒரேயடியா அந்தப் பள்ளத்தாலைதான் வரும். அப்பாவுக்கு மேலை வெயில் எறிக்கேக்கையே வரும்."

"வாயைக் கழுவு! அப்பனைப் பற்றி இப்பிடியே கதைக்கிறது? தனிய மெசேஜ் போட்டியோ, தெரியும் சேதி." அப்பிடித்தான் வெருட்டினன், என்ரை பிள்ளையை.

ரெண்டு கிழமைதான். பட்டப்பகல். காம்புக்கு மேலை ஒரு துண்டு முகில் இல்லையாம். இவரோடை வேலை செய்யிற ஒருத்தரின்ரை மனுசி கோல் எடுத்து, வெள்ளம் வந்திட்டுதாம், ஆக்களைக் காணேல்லையாம் எண்டாள். இவரை அனுப்பின ஏஜென்சிக்கு அடிச்சால் அங்கை இருந்தவன், "நங்கி, கலபல வென்ன எப்பா" எண்டுறான். பதறவேண்டாமாம்! அவனின்ரை வீட்டு ஆளோ அங்கை காணாமல் போனது? வாயிலை வந்ததெல்லாம் சிங்களத்திலை குடுத்தன்.

பின்னேரம் இவரே எடுத்தார். பாறையிலை ஏறித் தப்பிட்டார், முழங்கை ரெண்டும் உரிஞ்சு போச்சு. காம்பிலை இவையளுக்குச் சமைக்கிற மனுசன் வெள்ளத்தோடை போய்ச் செத்திட்டார். சேறும் கல்லுமாச் சுவர் எழும்பி வந்த மாதிரி வந்துதாம். பௌசரைப் புரட்டிக் கொண்டுபோய், பள்ளம் வெளியிலை திறக்கிற இடத்திலை, விசிறி மாதிரிப் பரப்பின கல்லுக்குள்ளை புதைச்சுப்போட்டுதாம்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. அந்தக் கொம்பனி இஞ்சினியர்மார் படிக்கேல்லையோ? ஏ.எல். பிள்ளைக்கு ஒரு கல்லைப் பாத்துத் தெரிஞ்சது அவங்களுக்குத் தெரியாதோ? தெரியும். காத்துக்குக் கூடாரம் கிழியாது எண்டு மனுசரைக் கொண்டுபோய் ஆத்துக்குள்ளை படுக்க விட்டாங்கள். நாசமாப் போவாங்கள்!

இவரும் அழுதுகொண்டு கத்தினார். "ஒருத்தர், ஒரேயொருத்தர் எங்களுக்கு ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த மனுசன் இண்டைக்கு உயிரோடை இருந்திருக்கும்."

மகள் பக்கத்திலைதான் நிண்டாள். வாயே திறக்கேல்லை. நான் வெருட்டின வெருட்டு அப்பிடி.

"இவள் சொல்ல வந்தவள்" எண்டன். "அண்டைக்கே தெரியும் இவளுக்கு. நான்தான் சொல்ல விடேல்லை."

இவர் அழுகையை நிப்பாட்டினார்.

"போனை அவளிட்டைக் குடும்" எண்டார்.