கால் உடையாமல் மனந்திரும்பலாமா?

சமீபத்தில் ஒரு பெண்ணின் காலை உடைக்க என்னிடம் சம்மதம் கேட்டார்கள். கேட்டது எங்கள் சர்ச் கமிட்டி.

பதறாதீர்கள்... கதையில்தான்.

எங்கள் கோலார் தங்கவயலில் சர்ச்சுகளுக்குப் பஞ்சமில்லை. சர்ச்சுக்கு ஒரு கமிட்டி, கமிட்டிக்கு ஒரு கனவு. எங்கள் கமிட்டியின் கனவு, டீன் ஏஜ் பிள்ளைகளுக்கு ஒரு கிறிஸ்தவக் கதைப் புத்தகம். ‘பசங்க செல்போனே கதின்னு கிடக்குதுங்க. நல்ல கதை குடுப்போம்’ என்று முடிவானது. சண்டே ஸ்கூல் பிள்ளைகளே எழுதுவது, மூன்று நடுவர்கள் தேர்ந்தெடுப்பது, செலவு சர்ச்சுடையது.

நடுவர்களில் ஒருவர் செயலாளர் சாலமோன் அண்ணன். இன்னொருவர் போதகர்... சாலமோன் அண்ணன் எதைச் சொன்னாலும் ஆமென் சொல்லும் அளவுக்கு விசுவாசம் உள்ளவர். மூன்றாவது நான். ‘நீதான் பத்திரிகையில என்னாவோ எழுதறியேம்மா’ என்ற ஒரே தகுதியில்.

வந்த கதைகளை உட்கார்ந்து படித்தேன். கிறிஸ்தவ டீன் ஏஜ் கதை என்றால் அதற்கு ஒரு மருத்துவ விதி இருப்பது அப்போதுதான் தெரிந்தது. பையன் சினிமாப் பாட்டுக் கேட்பான். ஜெபக் கூட்டத்துக்கு மட்டம் போடுவான். உடனே பைக்கில் விழுவான். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் மாமா வேதாகமத்தை நீட்டுவார். பையன் அழுவான். மாவுக்கட்டு பிரிப்பதற்குள் மனந்திரும்பிவிடுவான். பெண் பிள்ளையாக இருந்தால் பைக் கிடையாது, டைபாய்டு.

பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்? நாம் கொடுத்த கதைகளைப் படித்துத்தானே வளர்கிறார்கள். எலும்பு டாக்டர் இல்லாமல் கடவுளால் ஒரு பிள்ளையிடம்கூடப் பேச முடியாது என்று நாம்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

அந்தக் குவியலில் ஒரே ஒரு கதையில் யாருமே விழவில்லை. எழுதியவள் ஷைனி, வயது பதின்மூன்று. ஸ்கெலட்டன் என்று நாங்கள் சொல்லும் குடியிருப்புப் பக்கம் வீடு. அம்மா ஸ்டெல்லா, பெங்களூரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். விடியற்காலை ரயிலில் போய், இருட்டிய பிறகு ரயிலில் வருகிறவள். எங்கள் ஊரில் பாதிப் பேர் இப்போது அப்படித்தான். அப்பாக்கள் தங்கத்துக்காகப் பூமிக்குள் இறங்கினார்கள், சுரங்கம் மூடிய பிறகு நாங்கள் ரயிலில் ஏறுகிறோம்.

ஷைனியின் கதையில் ஒரு பெண், கடவுளிடம் கோபித்துக்கொண்டு ஜெபம் பண்ணுவதை நிறுத்திவிடுகிறாள். ‘எல்லார் அம்மாவையும் வீட்டில் வைத்துவிட்டு எங்க அம்மாவை மட்டும் ஏன் ரயிலில் அனுப்புகிறாய்?’ என்பது அவள் கேள்வி. பதில் வரவில்லை. ஒரு சாயங்காலம் அம்மாவைக் கூட்டிவர ஸ்டேஷனுக்குப் போகிறாள். ரயில் லேட்.

கதை இப்படி முடிகிறது: ‘நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கும் ஜெபம் பண்ணவில்லை. கடவுளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் என்று நினைக்கிறேன். நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் ரயில் வரும்வரை அவர் எழுந்து போகவில்லை.’

அந்தக் கடைசி வரிகளை இன்னொரு தரம் படித்தேன். இத்தனை வருஷமாக எழுதுகிறேன், இப்படி நாலு வரி எனக்கு வாய்த்ததில்லை. பொறாமையாகக்கூட இருந்தது.

சாலமோன் அண்ணனுக்கு அந்தத் தொந்தரவு எதுவும் இல்லை.

“இன்னாம்மா இது? கடவுள்மேல கோச்சிக்கிறா. கடைசிவரைக்கும் மன்னிப்பே கேக்கல. நாளைக்கு எல்லாப் பசங்களும் கோச்சிக்கினா யார் பதில் சொல்றது?”

“கடவுள் சொல்லட்டுமே அண்ணா.”

அவருக்கு என் பதில் பிடிக்கவில்லை. தானே ஒரு முடிவு எழுதி வைத்திருந்தார். பெண் பிளாட்பாரத்தில் வழுக்கி விழுகிறாள். கால் முறிகிறது. ஆஸ்பத்திரி. நர்ஸ். கண்ணீர். ஒரு மனப்பாட வசனம். அவருடைய அப்பா சுரங்கத்தில் ஷிஃப்ட் பார்த்தவர், அதனாலோ என்னவோ, ஷிஃப்ட் முடிகிற சங்கு ஊதுவதற்குள் மனந்திரும்புதல் முடிந்துவிட வேண்டும் என்பதில் அண்ணன் கறார். போதகர் ஆமென் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். இரண்டு பேர் அங்கே, நான் ஒருத்தி இங்கே... கால் உடைக்கத் தீர்மானமானது.

ஷைனியைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

“என் காலு நல்லாத்தானே இருக்கு அங்கிள்.”

“கதையிலதாம்மா. மாத்தினா புக்குல வரும். இல்லன்னா வராது.”

“அப்ப வேணாம் அங்கிள்.”

வெளியே வந்ததும் அவள் முகம் வாடிப்போயிருந்தது. “அம்மாகிட்டயாவது காட்டினியா?” என்று கேட்டேன்.

“எப்ப காட்டறது ஆன்ட்டி? வந்தா சாப்பாட்டு மேலயே தூங்கிப் போறாங்க. ஞாயித்துக்கிழமை துணி துவைக்கவே சரியாப் போவுது. புக்குல வந்தா ரயில்ல வச்சிப் படிப்பாங்கன்னு பாத்தேன்.”

ஆக, அவளுக்குப் பரிசும் வேண்டாம், பேரும் வேண்டாம். அம்மா படிக்க வேண்டும்... அவ்வளவுதான். எனக்குக் கமிட்டிமேல் வந்த கோபத்தை இங்கே எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார்.

அடுத்த ஞாயிறு சாலமோன் அண்ணன் அறுப்பின் பண்டிகை அறிவிப்பு வாசித்தார். “உங்க கையால விளைஞ்சது எதுவா இருந்தாலும் காணிக்கையா கொண்டாங்க. ஆலயத்துக்குள்ள வந்ததை நாங்க திருப்பி அனுப்பறதே இல்ல.” வருஷா வருஷம் சொல்வதுதான். உண்மையும்கூட. ஒருமுறை வந்த நொண்டிக் கோழியையே ஏலம் விட்டுக் காட்டியவர் அவர்.

பண்டிகையன்று ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருள்களின் ஏலம் தொடங்கியது. ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு, அதுவும் அண்ணன் போட்டதுதான். பொருளைத் தூக்கிக் காட்டி, தரத்தை நிரூபித்துவிட்டுத்தான் விலை கேட்பார். பேத்தமங்களா ஊரிலிருந்து வந்த தக்காளியை அமுக்கிக் காட்டினார். பூசணியைத் தட்டிக் காட்டினார். கேக்கில் ஒரு துண்டு வாயில் போட்டுக் காட்டினார். இதை மட்டும் மூன்று முறை.

அடுத்து மேஜையில் இருந்து எடுத்தது, ரிப்பன் கட்டிய நாலு தாள்.

பிரித்தார். முகம் மாறியது. ஷைனி இரண்டாவது வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இது... இது ஒரு கதை” என்றார் மைக்கில். “யாருக்கு வேணும்?”

“சரக்கைக் காட்டாம எப்படிண்ணா கேக்கறது?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். “படிச்சிக் காட்டுங்க.”

அந்தக் குரல் யாருடையது என்று நான் சொல்லப்போவதில்லை. அன்று நான் பின்வரிசையில்தான் இருந்தேன்.

சபையே ஆமாம் என்றது. நொண்டிக் கோழியையே நடக்கவிட்டுக் காட்டிய மனிதர், இப்போது எப்படி மறுப்பார்? வாசித்தார். முதலில் முனகினார், “சத்தமா, சத்தமா” என்றார்கள். ஸ்டேஷன் வந்த இடத்தில் சபை முன்னால் சாய்ந்து கேட்டது. அங்கே பாதிப் பேருக்கு அந்தப் பெஞ்சு தெரியும். ‘அவர் எழுந்து போகவில்லை’ என்று முடித்ததும் சாலமோன் அண்ணன் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் ஆஸ்பத்திரி எதுவும் இல்லை.

ஷைனி கதை கேட்கவே இல்லை. அம்மாவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் கோபம் வருமா, வருத்தம் வருமா என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

ஸ்டெல்லா கையைத் தூக்கினாள். வழக்கமாகப் பூசணிக்காய்க்கே இரண்டு குடும்பங்கள் மானப் பிரச்சினையாக மோதிக்கொள்ளும் ஏலம் அது. அன்று ஒருத்தரும் அவளுக்கு எதிராகக் கேட்கவில்லை. அண்ணன் மூன்று தரம் சொல்லித் தாள்களைக் கொடுத்தார்.

ஸ்டெல்லா ரிப்பனைத் திரும்பக் கட்டினாள். மகளிடம் சொன்னாள்: “அந்தப் பெஞ்சு சில்லுன்னு இருக்குமேடி. ஸ்வெட்டர் போட்டுக்கினு வரக்கூடாதா?”

ஷைனி அப்போதுதான் அழுதாள். நானும்தான், அதையெல்லாம் இங்கே விவரிப்பதாக இல்லை.

கமிட்டி சும்மா இருக்குமா? அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவிட்டது. இனி அறுப்பின் பண்டிகைக்குத் தின்னும் பொருள் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படும். நொண்டிக் கோழிக்குத் தடையில்லை.

புத்தகமும் வந்துவிட்டது. வழவழ அட்டை. உள்ளே மூன்று எலும்பு முறிவு, ஒரு டைபாய்டு, எல்லாரும் பூரண சுகம். கட்டுப் பிரிக்காமல் சர்ச் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

ஷைனியின் நாலு தாள் மட்டும் அம்மாவின் டிபன் பையில் தினமும் பெங்களூருக்குப் போய் வருகிறது. ரயில் பெட்டியில் கூட வரும் பெண்கள், எல்லா சாமியும் கும்பிடுகிறவர்கள், வாங்கி வாங்கிப் படிக்கிறார்களாம். “உம்பொண்ணு அடுத்தது இன்னா எழுதறா?” என்று ஸ்டெல்லாவைக் குடைகிறார்களாம்.

விசாரித்துவிட்டேன். இதுவரை அவர்களில் யாருக்கும் கால் உடையவில்லை.