பெற்றோல் செட்டுச் சோற்றுக்கடை

கல்முனை றோட்டில், குருக்கள்மடம் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில், ஒரு பெற்றோல் செட்டின் கூரைக்குக் கீழே பல வருடம் அடுப்பு மூட்டிச் சோற்றுக்கடை நடத்தினோம், நானும் என் அக்காவும். இப்போதுள்ள பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். பெற்றோல் செட்டில் பீடிகூடப் பற்றவைக்கக் கூடாது என்பது எங்களுக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் நாங்கள் போய் ஒதுங்கிய நாளில் அங்கே பெற்றோலும் இல்லை, வாகனமும் இல்லை. சண்டை தொடங்கியதும் முதலாளி கொழும்புக்குப் போய்விட்டார். கண்ணாடி உடைந்த இரண்டு பம்புகளும், அவற்றுக்கு மேலே நான்கு தூணில் ஒரு கொங்கிறீற் கூரையும் மட்டும் மிச்சம்.

கதிரவெளியிலிருந்து இடம்பெயர்ந்து வந்திருந்தோம். அக்காவைக் கட்டிய மச்சான் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. அக்காவுக்கு இடுப்பில் மூன்று வயது மகன், எனக்குத் தலையில் ஒரு பானை, இவ்வளவுதான் எங்கள் சொத்து. மாரி மழை கொட்டியது. கூரையைக் கண்டதும் உள்ளே ஓடினோம். பிள்ளை பசியில் கத்தினான். மூன்று கல்லைக் கூட்டி, காய்ந்த தேங்காய்ப் பொச்சுமட்டை தேடி நெருப்பு மூட்டிவிட்டோம்.

பின்னால் ஒரு சின்ன அறையிலிருந்து ஒருவர் வந்தார். செட்டில் முன்பு பெற்றோல் அடித்துக் கொடுத்தவர், இப்போது அதற்குக் காவல். குடும்பம் தம்பிலுவிலில் இருந்தது.

“ஆரு புள்ள நீங்க?”

“கதிரவெளி. மழை விட்டாப் போயிருவம்,” என்றேன் நான்.

“எங்க போவீங்க?”

நான் நெருப்புக்கு இன்னொரு மட்டை போட்டேன். அவர் நெருப்பை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். துரத்தப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“இரிங்க,” என்றார். “அடுப்ப மட்டும் ஆத்துப் பக்கம் தள்ளி வைங்க. கடல் காத்துக்குப் புகையெல்லாம் எண்ட அறைக்குள்ள வருது.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இடம் தருகிற வாயாலேயே ஒரு குறையும் சொல்ல வேண்டுமா? எனக்குக் கோபம் வந்தால் முகத்தில் எழுதி ஒட்டியது போலத் தெரியும். அக்கா என்னைக் கிள்ளிவிட்டுக் கல்லைத் தூக்கிக்கொண்டு மேற்குப் பக்கம், அவர் ஆறு என்ற வாவியைப் பார்த்த மூலைக்குப் போனாள். அந்த மூலைதான் எங்கள் கடையாயிற்று. அந்த அடுப்பு அணைந்தால் பிள்ளைக்குச் சோறு இல்லை என்ற நிலையில்தான் அதற்குப் பிறகு எங்கள் வாழ்க்கை முழுவதும் ஓடியது.

முதலில் ரொட்டியும் சம்பலும் மட்டும். பிறகு பருப்புக் கறி, பிறகு சோறு. ஒரு கடை எப்படித் தானாக வளர்கிறது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது. யாரும் திட்டம் போடவில்லை. சாக்குத் தொங்கவிட்ட இடத்தில் அடுத்த வருடம் தகரம் வந்தது, அதற்கடுத்த வருடம் பலகை. எரிந்துபோன ஒரு பஸ்ஸின் இருக்கைகளைக் கழற்றிக்கொண்டு வந்து போட்டார்கள், அவைதான் எங்கள் வாங்குகள். மாவு வராத காலத்தில் மரவள்ளி அவித்தோம். வாவிக்குள் தோணி விட மறித்த காலத்தில் பருப்பும் கீரையும். திறந்துவிட்ட கிழமையில் றாலும் கெளுத்தியும் குவியும். றோட்டில் என்ன நடக்கிறது என்று அறிய ஒருவரும் றேடியோ கேட்கத் தேவையில்லை, எங்கள் சட்டிக்குள் எட்டிப் பார்த்தால் போதும்.

நிழல் இருக்கிற இடத்துக்கு ஆட்கள் வரத்தானே செய்வார்கள். ஒரு முடிவெட்டுகிறவர் கதிரையைக் கொண்டுவந்து போட்டு, கண்ணாடியைத் தூணில் மாட்டினார். சைக்கிள் திருத்துகிற ஒரு பொடியன் அடுத்த தூணைப் பிடித்தான். அவன் முன்னால் ஒரு முக்காலி, அதன்மேல் சாராயப் போத்தலில் பெற்றோல். எங்கேயோ வாங்கி, போத்தல் போத்தலாக விற்பான். இரண்டு பம்பு நிற்கிற செட்டுக்கு முன்னால் முக்காலியில் பெற்றோல் விற்கிறதைப் பார்த்து பஸ்ஸில் போகிறவர்கள் சிரித்துக்கொண்டு போவார்கள். சில நாளில் பெற்றோல் மணம் மூக்கைத் துளைக்கும். “உண்ட போத்தல மூடி வைடா, எண்ட கறி நாறுது!” என்று அவனைத் திட்டுவேன். பாவம், எத்தனை வருடம் என்னிடம் அநியாயமாக ஏச்சு வாங்கினானோ.

காவல் இருந்த பம்புக்கார அண்ணன் மூன்று நேரமும் எங்களிடம்தான் சாப்பிட்டார். கூரைக்கு நடுவில் ஒரு சீமெந்துப் பலகையின்மேல் தண்ணீர்ப் பீப்பாய் வைத்திருந்தோம். அந்த இடத்தைக் காட்டியவரும் அவர்தான். சாப்பாட்டுக் கோப்பையை வாங்கிக்கொண்டு போய் அந்தப் பீப்பாயோடு ஒட்டிக் குந்திக்கொள்வார். வாங்கில் இருக்கவே மாட்டார்.

“ஏன் அண்ணன், எங்கட வாங்கு முள்ளாக் குத்துதோ?” என்று கேட்பேன்.

“இஞ்ச குளிர்ச்சியா இரிக்கு புள்ள,” என்பார்.

பெற்றோல் கேட்டு எல்லாரும் வந்தார்கள். ஆமியும் வந்தது, இயக்கப் பொடியன்களும் வந்தார்கள், ஒரே கிழமையில்கூட. அண்ணன் யாரோடும் வாதாட மாட்டார். பம்பின் கைப்பிடியைச் சுற்றிக் காட்டுவார். உள்ளே காற்று இழுக்கிற சத்தம் மட்டும் கேட்கும். “சண்டைக்கு முதலே முடிஞ்சு போச்சு,” என்பார். ஒருமுறை ஒருவன் நம்பாமல் கன்னத்தில் அறைந்தான். அவன் எந்தப் பக்கத்து ஆள் என்று நான் எழுதப்போவதில்லை. அறைந்தவன் போன பிறகு அண்ணன் வாயைக் கழுவிக்கொண்டு வந்து, பீப்பாய்க்குப் பக்கத்தில் குந்தி, மிச்சச் சோற்றைச் சாப்பிட்டார். எனக்கு அழுகை வந்தது. இல்லாத பெற்றோலுக்காக ஒரு மனிதன் அடி வாங்குகிறானே என்று.

பிறகு சமாதானம் என்றார்கள். கண்ணால் பார்த்திராவிட்டால் நானும் நம்பியிருக்க மாட்டேன். ஒரு வருடத்துக்குள் அந்த றோட்டு வேறு றோட்டாகிவிட்டது. காலையில் திறந்த கடைக்கு மாலையில் ஒரு பக்கத்துக் கடை முளைத்தது. வெளிநாட்டுக்குக் கதைக்கிற கொமினிகேசன் கடை ஒன்று, கண்ணாடிப் பெட்டிக்குள் கேக் வைத்த பேக்கரி ஒன்று. காத்தான்குடிப் பக்கமிருந்து துணி ஏற்றிய வான்கள் பயமில்லாமல் வந்து நின்றன. பொழுதுபட்டால் றோட்டு நெடுக வெளிச்சம். அந்த வெளிச்சத்தைப் பார்க்கிறதற்கென்றே அக்காவும் நானும் வேலை முடித்துவிட்டு வெளியே வந்து நிற்போம். இருட்டியதும் கதவடைத்துப் பழகிய எங்களுக்கு அது திருவிழா.

முதலாளி திரும்பி வந்தார். கூடவே புதுப் பம்பு பூட்டுகிற ஆட்கள் இரண்டு பேர். நல்ல மனிதர், குரலை உயர்த்தவில்லை. செட்டைத் திறக்கப்போவதாகவும் கடையை எடுக்க வேண்டும் என்றும் சொன்னார்.

நான் விடவில்லை. “இந்த இடம் இன்னும் நிக்குதெண்டா எங்களாலதான். நாங்க இல்லாட்டி கம்பியக்கூட கழட்டிட்டுப் போயிருப்பானுகள். இப்ப எங்கள எங்க போகச் சொல்றீங்க?”

“நீ சொல்றது சரி புள்ள. ஆனா நெருப்பும் பெற்றோலும் ஒரு கூரைக்குக் கீழ இரிக்கேலாது.”

“பெற்றோல் எங்க இரிக்கு? முதல்ல அது வரட்டும், மறுகா பாப்பம்!”

சனம் கூடிவிட்டது. என் வாய்க்கு அன்றைக்கு நல்ல வேலை. அண்ணன் எங்களுக்காக ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். அவர் வாயே திறக்கவில்லை. இத்தனை வருடம் எங்கள் கையால் சாப்பிட்டவர், முதலாளியைக் கண்டதும் ஊமையாகிவிட்டாரே என்று உள்ளுக்குள் கொதித்தேன்.

அவர் எங்கள் தண்ணீர்ப் பீப்பாயைச் சரித்தார். தண்ணீர் எல்லாம் தரையில் ஓடியது. கடையை உடைக்கத் தொடங்கிவிட்டார் என்று நினைத்து நான் பாய்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கடப்பாரையால் சீமெந்துப் பலகையை நெம்பித் தள்ளினார். கீழே மண். மண்ணைக் கையால் வாரி ஒதுக்கினார். அதற்குக் கீழே வட்டமாக ஓர் இரும்பு மூடி.

மூடியை மெதுவாகத் திருகித் திறந்தார். நீளமான ஒரு கம்பியை உள்ளே விட்டு வெளியே இழுத்தார். கம்பியில் பாதிக்கு மேல் நனைந்திருந்தது. மணம் எங்கள் எல்லாரின் முகத்திலும் அடித்தது.

அந்த மூலையில் எங்கள் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் மத்தியானச் சோறு. முதலில் அசைந்தவள் அக்காதான். கொதிக்கிற உலையைச் சீலைத் தலைப்பால் பிடித்துத் தூக்கி, சோறும் கஞ்சியுமாக அடுப்புக்குமேல் கவிழ்த்தாள். புஸ்ஸென்று புகை கிளம்பியது. முடிவெட்டுகிறவர் கத்தரிக்கோலோடு றோட்டைக் கடந்து ஓட, பாதித் தலை வெட்டிய ஆள் துணியைப் போர்த்தியபடி அவருக்குப் பின்னால் ஓடினார். அதைப் பார்த்துச் சிரிக்கக்கூட எங்களுக்கு உயிர் இல்லை.

நான் தரையைப் பார்த்தேன். இங்கேதான் பிள்ளை ஓடி விளையாடினான். இங்கேதான் படுத்தோம். ஷெல் விழுந்த நாட்களில் இந்தக் கூரைக்குக் கீழே பாதுகாப்பு என்று ஊர்ச்சனத்தையும் கூப்பிட்டு இருத்தினோம். எல்லாவற்றுக்கும் கீழே அது கிடந்திருக்கிறது. எங்களை அதுவரை உயிரோடு வைத்திருந்தது எது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. கடவுள் என்று சொல்லிப் பார்க்கிறேன், அதுவும் போதவில்லை.

உள்ளே பெற்றோல் கிடந்தது முதலாளிக்கே தெரியாது. அவர் கொழும்புக்குப் போன பிறகு, றோட்டு அடைபடுவதற்கு முதல் நாள், பெற்றோல் ஏற்றிய கடைசிப் பவுசர் வந்து இறக்கிவிட்டுப் போயிருக்கிறது. பவுசரைக் கண்ட ஒரே ஆள் அண்ணன். பம்புக்குப் போகிற குழாயைக் கழற்றிவிட்டு, மூடியை மண்ணால் மூடியவரும் அவர்தான்.

“ஏன் எங்களுக்குச் சொல்லல்ல?” என்று கத்தினேன்.

“உண்ட முகம் ஒண்டையும் மறைக்காது புள்ள. கேட்டு வாறவனுகள் உண்ட முகத்தப் பாத்தாலே கண்டுபிடிச்சிருப்பானுகள். ஒரு பக்கத்துக்குக் கிடைச்சா மத்தப் பக்கம் வந்து இந்த ஊரையே அடிச்சுப் போட்டிருக்கும்.”

“அப்ப அடுப்பு? எங்கள ஏன் அடுப்பு மூட்ட விட்டீங்க?”

அவர் கம்பியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அண்டைக்கு மழைக்குள்ள புள்ளையோட நிண்டீங்க, போகச் சொல்ல மனம் வரல்ல. மறுகா யோசிச்சன். அடுப்பு எரியிற இடத்தில ஆரு பெற்றோல் தேடுவான்?”

அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும், காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. எங்களை வைத்து மறைத்திருக்கிறார். எங்களையும் அந்த ஊரையும் சேர்த்துக் காப்பாற்றியும் இருக்கிறார். இதில் எதை எடுப்பது, எதை விடுவது?

அக்கா ஈரத்தரையில் இருந்துவிட்டாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “பத்தியிருந்தா, அண்ணன்?”

“நான்தானே பக்கத்தில இருந்தன்,” என்றார்.

பிறகு ஆட்கள் வந்து நிலத்துக்கடியில் இருந்த தொட்டியை இறைத்துக்கொண்டு போனார்கள். பெற்றோல், பால் விடாத, சாயம் கூடிய பிளேன்ரீ நிறத்தில் இருந்தது. கெட்டுப்போய்விட்டது, ஒரு மோட்டார் சைக்கிள்கூட இதில் ஓடாது என்று அவர்கள் சொன்னபோது அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். தொட்டியைக் கழுவும் வரையில் இருக்கலாம் என்று முதலாளி எங்களுக்குத் தவணை தந்தார். கடையைக் காப்பாற்ற நான் போட்ட சண்டைக்கு அது வெற்றிதான். ஆனால் அடுத்த நாள் காலையில் அக்கா அடுப்புக்கு முன்னால் குந்தி, தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். குச்சி உரச அவளால் முடியவில்லை. நான் வாங்கி உரசப் பார்த்தேன், என் கையும் வரவில்லை. தொட்டி காலி என்று கண்ணால் கண்டும் முடியவில்லை. எங்கள் துணிச்சல் எல்லாம் தெரியாமையில் நின்றது என்று அந்தக் காலையில்தான் தெரிந்தது.

அன்றைக்கே பலகைகளைக் கழற்றினோம். றோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு வேம்புக்குக் கீழே கடையை நிறுத்தினோம். எங்களோடு சேர்ந்து தகரம் பிடித்தவர் அண்ணன். நான் அவரோடு கதைக்கவில்லை. கோபமும் பிரமிப்பும் ஒன்றாக இருந்தால் என்னவென்று கதைக்கிறது?

மத்தியானம் அவர் றோட்டைக் கடந்து வந்தார். வந்தவர் நேரே வாங்கில் ஏறி, காலை நீட்டி, முதுகைச் சாய்த்து இருந்தார். அப்படி ஒருநாளும் நான் கண்டதில்லை. அக்கா சோறும் கெளுத்திக் கறியும் போட்டுக் கொடுத்தாள். ஒரு பிடி வாயில் வைத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்ன அண்ணன், பழுதாப் போச்சா?” அக்கா பதறினாள்.

“இல்ல புள்ள. இவ்வளவு உறைப்பா போடுவீங்க?”

“எப்பவும் போடுற தூள்தானே அண்ணன்.”

“எப்பவுமா?” என்றார், றோட்டுக்கு அந்தப் பக்கம் பீப்பாய் இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தபடி.

உறைப்பில்தான் என்று நினைக்கிறேன், அவருடைய கண் கலங்கிவிட்டது. என் கோபம் போன இடம் தெரியவில்லை. நான் சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவருக்கு இன்னும் போட்டேன்.